ஐட்லிங் ஸ்குரூவில் அரைச் சுற்று

புல் வெட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் வியாதியைச் சொல்வதில்லை, மருந்தைத்தான் சொல்வார்கள். "கார்ப்ரேட்டரை மாத்திடு" என்பார் ஒருவர். "பிளக் போட்டா செரியாப் பூடும்" என்பார் இன்னொருவர். எல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் எதற்கு வருகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சித்தூரில் பதினாறு வருடமாக இந்தக் கடை நடக்கிறது. உனக்கு வாய் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் கடை கொஞ்சம் பெரிதாகியிருக்கும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

வருகிறவற்றில் பாதி திருப்பதி மிஷின்கள். ஓட்டல்களுக்கும் காலேஜ்களுக்கும் முன்னால் புல்தரை போட்டிருப்பார்களே, அதை வெட்டுவதற்குத் தள்ளிக்கொண்டு போகிற மிஷின்கள். மீதிப் பாதி மாந்தோப்பு மிஷின்கள். தோளில் பெல்ட்டை மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நீளமான குழாயின் நுனியில் பிளேடு சுழல, புல்லையும் முள்ளையும் சேர்த்து அடிக்கிற பிரஷ் கட்டர். பங்காருபாளையம் பக்கத் தோப்புகளில் இப்போது மண்வெட்டியை விட இதன் சத்தம்தான் அதிகம்.

எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் நான் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைப்பேன். இரண்டு மாதம் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். பாதி வியாதி அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாலே தீர்ந்துவிடும். அப்புறம் காற்று வடிகட்டி, பிளக், சைலன்ஸர் வாயை அடைத்திருக்கும் கரி. இவ்வளவும் ஒழுங்காக இருந்தும், சூடான பிறகு எஞ்சின் தானாக உறுமி ஏறுவதும், உடனே தொண்டை அடைத்து நிற்பதுமாக இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். கார்ப்ரேட்டர் வழியாக வரவேண்டிய காற்று எங்கோ திருட்டு வழியில் உள்ளே போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது கிராங்க் தண்டைச் சுற்றி இருக்கிற ஆயில் சீல், மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். அதைத் தொட வேண்டுமானால் கிளட்சைக் கழற்ற வேண்டும். அந்த மரையோ தலைகீழாகத் திரும்புகிற மரை; அவசரப்பட்டால் உடைந்துவிடும். சீல் திருப்பதியிலிருந்து வரவேண்டும். ஆக, இரண்டு நாள் வேலை.

குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகு எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதை ஐட்லிங் என்போம். அது எவ்வளவு மெல்ல என்பதைக் கார்ப்ரேட்டரின் ஓரத்தில் இருக்கிற ஒரு ஸ்குரூ முடிவு செய்கிறது. அதை அரைச் சுற்று திருகினால் ஐட்லிங் ஏறிக்கொள்ளும், எஞ்சின் நிற்காது, வந்தவர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் இந்த மிஷினில் எஞ்சின் வேகம் ஏறினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐட்லிங்கில் அது விட்டிருக்க வேண்டும். பிளேடு அசையாமல் நிற்க வேண்டும். ஐட்லிங்கை ஏற்றிவிட்டால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், கையை எடுத்த பிறகும் பிளேடு சுற்றும். இது தெரியாத மெக்கானிக் யாரும் இல்லை.

வெளியாட்கள் எத்தனை கெஞ்சியும் நான் அதைச் செய்ததில்லை. என் அண்ணனுக்குச் செய்தேன்.

அண்ணன் என்னை விட ஆறு வயது மூத்தவன். கங்காதர நெல்லூர் பக்கத்தில் எங்கள் குடும்ப நிலம் கொஞ்சம் இருக்கிறது. போர்வெல் வற்றிய பிறகு அதை நம்பிப் பயனில்லை என்று ஒரு பழைய பிரஷ் கட்டரை வாங்கிக்கொண்டு தோப்பு தோப்பாகப் போய்ப் புல் அடித்துக்கொடுத்து வந்தான். மழை ஓய்ந்து, மரங்கள் பூ எடுப்பதற்கு முன்னால் இருக்கிற சில வாரங்கள்தான் அவனுக்குச் சீசன். அந்தச் சீசனின் நடுவில் ஒரு காலை நேரம், மொபெட்டின் பின்னால் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஆக்ஸிலேட்டர வுட்டா நின்னுபூடுதுடா. ஒவ்வொரு வாட்டியும் பெல்ட்டக் கழட்டி, கீழ வெச்சு, கயிறு இழுத்து... தோள்பட்டையே பூட்ச்சி. பங்காருபாளையத்துல தோப்புக்காரரு நாளைக்கே முடிக்கணும்னு குந்திக்கினு இருக்காரு."

ஸ்டார்ட் செய்து சூடாகும்வரை ஓடவிட்டேன். தானாக உறுமியது, தானாக நின்றது. பெட்ரோல் நன்றாக இருந்தது, பிளக் நன்றாக இருந்தது. கிளட்ச் மூடியைத் திறந்து பார்த்தால் பின்னால் எண்ணெயும் புழுதியும் கலந்து களியாக அப்பியிருந்தது.

"சீல் பூட்ச்சுண்ணா. ரெண்டு நாள் வுட்டுட்டுப் போ."

"ரெண்டு நாளா? இந்தத் தோப்பு பூட்டா அடுத்த தோப்பும் பூடும். நிக்காம ஓடினா போதும்டா. சீசன் முடியட்டும், நானே கொண்டாந்து போடறேன், உன் இஷ்டத்துக்குப் பிரிச்சுக்க."

நான் இன்னொரு முறை மறுத்தேன். அவன் இன்னொரு முறை கேட்டான். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி என்பார்கள். வீட்டு ஆளுக்குத்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. திருப்புளியை எடுத்து அரைச் சுற்று திருகினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது. பிளேடு மாட்டியிருக்கவில்லை, அதைக் கோணியில் சுற்றி மொபெட்டில் வைத்திருந்தான். ஆனால் குழாயின் நுனியில் பிளேடு மாட்டுகிற தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பார்த்து ஓட்டுண்ணா" என்றேன். கடைக்குப் போகிறவனிடம்கூடச் சொல்கிற வார்த்தை அது. விஷயத்தை விளக்கினால் மறுபடி முதலிலிருந்து வாக்குவாதம் செய்ய வேண்டும் என்ற சோம்பலில் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் தோப்புக்காரர் தன் வண்டியில் அண்ணனை ஏற்றிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிறுத்தினார். அண்ணன் பின் சீட்டில் சாய்ந்திருந்தான். இடது காலில் இரண்டு துண்டுகளைச் சுற்றியிருந்தார்கள். இரண்டும் நனைந்திருந்தன. தம்பி கடைக்கே போகலாம் என்று அவன்தான் சொன்னானாம்.

நடந்தது இதுதான். புல்லுக்குள் கிடந்த சொட்டுநீர்ப் பாசன டியூப் பிளேடில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிட்டது. அவன் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, பெல்ட்டைக் கழற்றாமலேயே, டியூபின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திக் கையால் இழுத்திருக்கிறான். சூடேறிய எஞ்சின் தானாக உறுமியிருக்கிறது. டியூப் அறுந்து, பிளேடு விடுபட்டுக் காலின் மேல் இறங்கிவிட்டது. காலில் ரப்பர் செருப்புதான்.

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என் கடையிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. நான் போகச் சொன்னது புத்தூருக்கு. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும். எலும்பு முறிந்தால் புத்தூர், அங்கே போடுகிற நாட்டு வைத்தியக் கட்டு. என் மணிக்கட்டு அங்கே கட்டிச் சேர்ந்தது. என் அப்பா, நைனாவின் தொடை எலும்பு அங்கே கட்டிச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள், புத்தூரில் என்றால் ஒட்டவைத்துவிடுவார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காது இது. துண்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் என் புத்தியில் வேறு எந்த ஊரும் வரவில்லை. தோப்புக்காரர் தயங்கினார். நான் அவரைக் கத்தி அடக்கி, முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வழியில் அண்ணன் வலியோடு வலியாகப் பேசிக்கொண்டே வந்தான். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்டா. ஆப் பண்ணிட்டு இழுத்திருக்கணும். மிஷின் இன்னாமோ நல்லாத்தான் ஓடுச்சு. காலைலருந்து ஒரு வாட்டி நிக்கல." நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் துண்டைப் பிரித்தார், பார்த்தார், அதே வேகத்தில் திரும்பச் சுற்றி இறுக்கினார். "ரத்தம் போயிக்கினு இருக்கற காயத்த இங்க எதுக்குய்யா கொண்டாந்த? எலும்பா பெருசு, உசுரா பெருசு? திருப்பதிக்கு ஓடு" என்று என்னைத்தான் திட்டினார். அவர் திட்டியது முழுக்க நியாயம். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது வெயில் இறங்கியிருந்தது. உள்ளே போய் வந்த டாக்டர் தெலுங்கில் "ஆலஸ்யம் அயிந்தி" என்றார். தாமதமாகிவிட்டது. அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே எடுத்தார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கால் நின்றிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்குரூவைத் திருகாமல் இருந்திருந்தால் நின்றிருக்கும். அது தெரியும்.

காயம் ஆறியதும் அண்ணன் தினமும் என் கடைக்கு வர ஆரம்பித்தான். காலை பஸ்ஸில் ஊன்றுகோலோடு வந்து இறங்குவான், சாயங்காலம் போவான். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றான். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலைகளை எடுத்துக்கொண்டான். பிளக் துடைப்பான், வடிகட்டி கழுவுவான், வருகிறவர்களிடம் பேசுவான். எனக்கு வராத வித்தை அது. என்னிடம் கோபித்துக்கொண்டு போன பழைய கஸ்டமர்கள்கூட அவனுக்காகத் திரும்பி வந்தார்கள். காலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், அவனுக்கு ஒரே பாட்டுதான். "மிஷின் மேல தப்பு இல்லீங்க. என் தம்பி கை வெச்ச மிஷின், கொறை சொல்ல முடியாது. ஓட்டறவனுக்குப் புத்தி இருக்கணும்." அப்படி அவன் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்து எதையாவது தேடுவேன். ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் ஏதாவது ஒரு மிஷினை இழுத்துப் பிரிக்க ஆரம்பித்துவிடுவேன். ஊரையே அதட்டுகிற வாய், இதற்கு மட்டும் பயன்படவில்லை.

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க அவன் திருப்பதிக்குப் போயிருந்த ஒரு நாள், அண்ணி கடைக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து ஒரு நீளக் கோணி மூட்டையை இறக்கினாள். பிரித்தால், அந்த மிஷின்.

"இத்த செரி பண்ணிக் குடு தம்பி. நான் ஓட்டப்போறேன்."

வேண்டாம் என்றேன். இது பெண்கள் செய்கிற வேலை இல்லை என்று உளறினேன்.

"பொம்பளைங்க ஓட்டக்கூடாதுன்னு அதுல எழுதி ஒட்டியிருக்குதா? வூட்ல ஆராவது ஒருத்தரு வேலைக்குப் போவணும் இல்ல. நீ செய்யலைன்னா வேற கடைக்கு எடுத்துக்கினு போறேன்."

வேறு கடை என்றதும் வாங்கிக்கொண்டேன். அந்த முறை ஒழுங்காகச் செய்தேன். பிளேடைக் கழற்றித் தூர எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். கிளட்சை நிதானமாகக் கழற்றினேன். சீலை எடுத்துப் பார்த்தால் ரப்பர் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது, கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. நானே திருப்பதிக்குப் பஸ் ஏறிப்போய்ப் புது சீல் வாங்கி வந்து பொருத்தினேன். கார்ப்ரேட்டரைத் திரும்ப அமைத்து, ஐட்லிங்கை இறக்கினேன். எஞ்சின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. வேலை முடிந்த சந்தோஷம் எனக்குத் துளியும் வரவில்லை. இதே இரண்டு நாளைத்தான் அன்றைக்கு அவனிடம் கேட்டேன்.

அண்ணி வந்ததும் கடைக்குப் பின்னால் காலி இடத்தில் அவளைத் தள்ளி நிற்கவைத்து ஓட்டிக் காட்டினேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், பிளேடு சீறியது. விட்டேன். பிளேடு வேகம் குறைந்து, இரண்டு மூன்று சுற்று மெதுவாகச் சுற்றி, நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, நின்னுபூட்ச்சே. இன்னும் ரிப்பேரா?"

"இல்ல அண்ணி. கைய எடுத்தா பிளேடு நிக்கணும். அதுதான் செரி."

அவள் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு ஓட்டும்போது நான் சோறு எடுத்துக்கினு போயிருந்தேன், அன்னிக்குக் காலைல. கீழ வெச்சாலும் சுத்திக்கினேதான் இருந்துச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்குரூவை, தண்டு சுற்றியதை நான் பார்த்ததை, பார்த்தும் சொல்லாமல் விட்டதை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மிஷினைக் கோணியில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அவருகிட்ட சொல்லாத. உன் தப்புன்னு தெரிஞ்சா உன் கடைக்கு வரமாட்டாரு. அவருக்குப் போறதுக்கு வேற எடம் இன்னா கீது? காலைலருந்து செவுத்தப் பார்த்துக்கினு குந்தியிருப்பாரு. நீ சொல்லிட்டு உன் பாரத்த எறக்கிக்குவ. அப்புறம் சொமக்கறது நாங்க."

நான் தலையாட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இனிமேல் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. செயற்கைக் காலைப் பழகிக்கொண்டு அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பிரஷ் கட்டரோடு வந்தார். கையை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றார். ஓட்டிப் பார்த்தேன். அதே உறுமல், அதே அடைப்பு. சீல் போயிருக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. நாளைக்கு வேலை இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினார். முடியாது என்று நான் குரலை உயர்த்தினேன்.

அண்ணனுக்கு அவரைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "ஏன்டா அவரண்ட கத்தற? அந்த ஸ்குரூவ கொஞ்சம் ஏத்தி வுடு. எனக்கு ஏத்திக் குடுத்தியே, அந்த மாதிரி" என்றான். சொல்லிவிட்டு, திருப்புளியை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

நான் அதை வாங்கவில்லை. அந்த ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னேன். அந்த ஸ்குரூதான் உன் காலை எடுத்தது என்றேன். அன்றைக்குத் தண்டு சுற்றியதை நான் பார்த்தேன், கையை எடுத்தால் பிளேடு நிற்க வேண்டும், அது நிற்காது என்று தெரிந்தேதான் உன்னிடம் கொடுத்தேன் என்றேன். அண்ணியிடம் தலையாட்டியது அத்தோடு போயிற்று.

அண்ணன் திருப்புளியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"கைய எடுத்தாலும் சுத்திக்கினு இருந்துச்சுடா. நானும் பார்த்தேன்" என்றான். "நீ செஞ்சு குடுத்தது, அதுக்கு அப்படித்தான் இருக்கணும் போலன்னு நெனச்சுக்கினேன்."

வந்தவர் மிஷினை வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனும் அன்றைக்கு முன்னதாகவே பஸ் ஏறினான்.

அண்ணி பயந்தது நடக்கவில்லை. மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினான். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. மிஷின் மேல் தப்பில்லை என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. நான் வேலையை முடித்து வைக்கிற ஒவ்வொரு மிஷினையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். பிளேடை அவனே மாட்டி, அவனே கயிறு இழுத்து, ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டுக் கையை எடுக்கிறான். பிளேடு முழுவதும் நிற்கும்வரை கண்ணை எடுப்பதில்லை. நின்ற பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, "நிக்குது, எடுத்துக்கினு போங்க" என்று வந்தவரிடம் சொல்கிறான்.